குளம் பச்சையாவது ஏன்? பாதி விடை டாஃப்னியாவிடம் இருக்கிறது

குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தூசி போன்ற சில புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்வது தெரியும். பார்த்தவுடன் "தண்ணியில புழு இருக்கு" என்பார் ஒருவர், "பூச்சி விழுந்திருக்கு" என்பார் இன்னொருவர், "கெட்டுப்போன தண்ணி, கொட்டிடு" என்பார் மூன்றாமவர். மூன்றும் தவறு. அவை புழுக்களும் அல்ல, பூச்சிகளும் அல்ல; இறாலுக்கும் நண்டுக்கும் உறவுக்காரர்கள். நீர் கெட்டுவிட்டது என்பதற்கு அவை அடையாளமும் அல்ல.

கொஞ்சம் படித்தவர்கள் நடுவே இன்னொரு தவறு உலவுகிறது: "உரமும் சாக்கடையும் கலந்தால் குளம் பச்சையாகும், அவ்வளவுதான்." இது பாதி உண்மைதான். ஒரே அளவு உரச்சத்து உள்ள இரண்டு குளங்களில் ஒன்று பச்சைக் குழம்பாகவும் மற்றொன்று அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிவாகவும் இருக்கலாம். மேய்ச்சல் நிலத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். புல் எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதை மழையும் எருவும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை மாடுகள், எவ்வளவு பெரிய மாடுகள் மேய்கின்றன என்பதும் தீர்மானிக்கிறது. குளத்தில் புல்லின் இடத்தில் பாசி இருக்கிறது. மாடுகளின் இடத்தில் இருப்பவை இந்தச் சிற்றுயிர்கள், முக்கியமாக டாஃப்னியா.

இறாலின் சின்ன உறவினர்கள்

இவற்றை ஓடுடைய கணுக்காலிகள் என்ற பெருங்குழுவில் சேர்க்கிறார்கள்: உடலைச் சுற்றிக் கெட்டியான மேலோடு, கணுக்கணுவான கால்கள், தலையில் இரண்டு சோடி உணர்கொம்புகள். பூச்சிகளுக்கு உணர்கொம்பு ஒரு சோடிதான். திறந்த நீரில் வாழ்ந்து, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலு இல்லாத விலங்குகளுக்கு விலங்கு மிதவைகள் என்று பெயர். நன்னீரில் அடிக்கடி கண்ணில் படும் சின்ன ஓடுடையவை மூன்று வகை.

முதலாவது டாஃப்னியாவும் அதன் சுற்றமும். கிளாடோசெரா என்பது குழுப்பெயர். மொய்னா, போஸ்மினா, செரியோடாஃப்னியா எல்லாம் இதில் அடக்கம். அளவு 0.2 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை. 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்சு போதும், ஒரு டாஃப்னியாவின் உள்ளுறுப்புகளை உயிரோடு பார்த்துவிடலாம், ஏனெனில் உடல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். தலையில் ஒரே ஒரு கருங்கண் விடாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். முதுகுப்பக்கம் இதயம் படபடக்கும். உடலின் நடுவே வளைந்து இறங்கும் குடல், தின்ற பாசிக்கு ஏற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ தெரியும். வெளிறிய குடல் என்றால் தீனி போதவில்லை. குடலுக்கும் முதுகோட்டுக்கும் இடையே ஒரு வெற்றிடம், அதற்குள் உருண்டை உருண்டையாக முட்டைகள் அல்லது கண் முளைத்த குஞ்சுகள். கிளைவிட்ட பெரிய உணர்கொம்புகளைத் துடுப்பாக வீசி மேலே எழும்பும், வீச்சு நின்றதும் மெல்ல அமிழும். அந்தத் துள்ளல் இப்படித்தான் வருகிறது. சில நேரம் உடல் செம்மை ஏறியிருக்கும். நீரில் ஆக்சிஜன் குறையும்போது டாஃப்னியா தன் உடலில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்வதால் வரும் நிறம் அது.

இரண்டாவது கோபிபோடுகள். கண்ணீர்த்துளி வடிவம். இவை துள்ளுவதில்லை, சும்மா இருந்து, திடீரென்று அம்பு போலப் பாயும். வால் பக்கம் இருபுறமும் இரண்டு முட்டைப் பைகள் தொங்கினால் அது சைக்ளாப்ஸ் வகை. உணர்கொம்புகள் உடல் நீளத்தை எட்டும் அளவுக்கு நீண்டிருந்தால் அது கலனாய்டு வகை. முட்டைப் பை இருந்தால் ஒன்றுதான் இருக்கும்.

மூன்றாவது ஆஸ்ட்ரகோடுகள். விதை போலத் தோன்றும், சுண்ணச்சத்துள்ள இரண்டு ஓடுகளுக்குள் மூடிக்கொள்ளும், பெரும்பாலும் அடிச்சேற்றிலும் செடிகளிலும் ஊரும். பாசி மேய்ச்சல் கதையில் இவற்றுக்குப் பெரிய பங்கில்லை.

மேய்ச்சல் எப்படி நடக்கிறது

டாஃப்னியா பாசியைத் தேடிப் பிடித்துத் தின்பதில்லை. அதன் ஓட்டுக்குள் இலை போன்ற ஐந்து சோடிக் கால்கள் இருக்கின்றன. அவை இடைவிடாமல் அடித்து நீரை உள்ளே இழுக்கின்றன. மூன்றாம், நான்காம் சோடிக் கால்களில் மிக நெருக்கமான நுண்மயிர் வரிசைகள் உண்டு; நீர் வெளியேறிவிட, துகள்கள் அதில் தங்கிவிடும். தங்கியதெல்லாம் நடுப்பள்ளம் வழியாக வாய்க்குத் தள்ளப்படும். சுமார் 1 மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரையுள்ள துகள்கள் இப்படி அகப்படும். (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ருசி பார்த்துப் பொறுக்கும் வழக்கமில்லை, அளவு பொருந்தினால் உள்ளே போகும். கோபிபோடுகள் அப்படியல்ல. கலனாய்டுகள் துகளைச் சோதித்துத்தான் எடுக்கும். வளர்ந்த சைக்ளாப்ஸ்களில் பல, பிற சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரர்கள். அதனால்தான் நீர் தெளிவு பற்றிய பேச்சில் டாஃப்னியா முன்னுக்கு வருகிறது.

எண்ணில் பார்க்கலாம். சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு டாஃப்னியா நாளொன்றுக்கு 20 மில்லிலிட்டர் நீரை வடிகட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலையும் தீனியின் அடர்த்தியும் இதைக் கூட்டிக் குறைக்கும். லிட்டருக்கு 12 டாஃப்னியா இருந்தால் ஒரு நாளில் 240 மில்லிலிட்டர், அதாவது குளத்தின் மொத்த நீரில் ஏறத்தாழ கால் பங்கு, வடிகட்டப்பட்டுவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாசியும் நாளுக்கு ஏறத்தாழ கால் பங்குதான் கூடும். வரவும் செலவும் சரியாகிவிடுகிறது. பாசி வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்வதில்லை. பாசி தினமும் இரட்டிக்கிறது என்றால் அதைப் பிடித்து நிறுத்த லிட்டருக்கு 35 டாஃப்னியா வேண்டும். மிதவெப்ப நாட்டு ஏரிகள் பல, வசந்தத்தின் கடைசியில் சில வாரங்கள் பளிச்சென்று தெளிந்துவிடும். உரச்சத்து அங்கேயேதான் இருக்கிறது. டாஃப்னியா அப்போது உச்சத்தில் இருக்கிறது.

இதுவரை: நீரின் பச்சை என்பது பாசி வளரும் வேகத்துக்கும் மேயப்படும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். உரச்சத்து முதலாவதைத் தீர்மானிக்கிறது, டாஃப்னியா இரண்டாவதை.

எண்ணிக்கையை விட உருவ அளவு முக்கியம்

பலரும் சறுக்கும் இடம் இது. "எங்கள் குளத்தில் நிறைய இருக்கிறதே, பிறகேன் பச்சை?" என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் உருவ அளவில் இருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால், வடிகட்டும் நீரின் அளவு நான்கு முதல் எட்டு மடங்கு கூடும். மேலே சொன்ன கணக்கில் நாளுக்கு 20 மில்லிலிட்டர் வடிகட்டும் டாஃப்னியாவுக்குப் பதிலாக 3 மில்லிலிட்டர் மட்டும் வடிகட்டும் சின்ன இனம் இருந்தால், அதே வேலைக்கு லிட்டருக்கு 12 போதாது, 80 வேண்டும்.

பெரியவை எங்கே போகின்றன? மீன் வாய்க்குள். மிதவைகளைத் தின்னும் மீன்கள் கண்ணால் பார்த்துப் பிடிப்பவை; பெரிதாகத் தெரிவது முதலில் அகப்படும். 1965இல் ஜான் புரூக்ஸ், ஸ்டான்லி டாட்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள கிரிஸ்டல் ஏரியில் 1942இல் எடுத்த மாதிரியில் பெரிய டாஃப்னியாவும் பெரிய கோபிபோடுகளும் இருந்தன. பின்னர் மிதவைகளைத் தின்னும் ஒருவகை ஹெர்ரிங் மீன் அந்த ஏரிக்குள் வந்துசேர்ந்தது. 1964இல் மறுபடி பார்த்தபோது பெரியவை மறைந்து, போஸ்மினா போன்ற குட்டி இனங்களே மிஞ்சியிருந்தன.

கம்பூசியா மீனைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கொசுப் புழுவைத் தின்னும் என்று உலகம் முழுக்க நீர்நிலைகளில் விடப்பட்ட சின்ன மீன் அது. 1972இல் வெளியான ஹர்ல்பர்ட் குழுவினரின் செயற்கைக் குளச் சோதனையில், கம்பூசியா விட்ட குளங்களில் ஓடுடைய சிற்றுயிர்கள் வெகுவாகக் குறைந்து, பாசி அளவுமீறிப் பெருகியது. தெளிவான நீர் வேண்டும் என்பவர், மீனை விடும் முன் இதையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படி மேல் அடுக்கில் நடக்கும் மாற்றம் அடுத்தடுத்த அடுக்குகளுக்கு இறங்கிக் கடைசியில் பாசி வரை வருவதை உணவுச்சங்கிலியின் அடுக்கு விளைவு என்பார்கள். மீன் கூடினால் டாஃப்னியா குறையும், டாஃப்னியா குறைந்தால் பாசி கூடும். மீனைத் தின்னும் மீன் வந்தால் எல்லாம் தலைகீழாகும்.

டாஃப்னியாவும் சும்மா இருப்பதில்லை. எதிரியின் உடலிலிருந்து நீரில் கசியும் வேதிப்பொருளை அது உணர்ந்துகொள்கிறது. இரைக்கு எச்சரிக்கையாக முடியும் இத்தகைய பொருளுக்குக் கைரோமோன் என்று பெயர். மீனின் கைரோமோன் இருந்தால் டாஃப்னியா லும்ஹோல்ட்சி என்ற வெப்பமண்டல இனம் தலையில் நீண்ட கூர்முனையும் நீளமான வால்முள்ளும் வளர்த்துக்கொள்ளும். மீன் குஞ்சுகளுக்கு விழுங்கக் கடினமாகிவிடும். இன்னும் பல இனங்கள் சிறிய உடலிலேயே முட்டையிடத் தொடங்கிவிடுகின்றன.

எல்லாப் பாசியும் தீனியாகாது

"அப்படியானால் டாஃப்னியாவை வாங்கி விட்டுவிடலாமே" என்று தோன்றும். பெரும்பாலும் பலிக்காது. மீன் நிறைந்த குளத்தில் விட்டால் அது மீனுக்குப் போட்ட தீனி. மீன் இல்லாவிட்டாலும், குளத்தில் நீலப்பச்சைப் பாசி ஏற்கெனவே பிடித்திருந்தால் வேறு சிக்கல். அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை கட்டி கட்டியாகத் திரளும். அந்தக் கட்டிகள் ஓட்டின் இடுக்குக்குள் நுழையாத அளவுக்குப் பெரியவை, பல நேரம் நச்சுள்ளவையும்கூட. ஆசிலடோரியா போன்ற இழைப் பாசிகள் கால்மயிரில் சிக்கிக்கொள்ளும். டாஃப்னியா தன் வயிற்றின் முனையில் உள்ள கொக்கியால் அந்த அடைப்பை வாரி வெளியே எறியும். எறியும்போது கூடவே சேர்ந்திருந்த நல்ல தீனியும் போய்விடும். உடல் உழைத்தும் பட்டினி.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரியில் இது பெரிய அளவில் தெரிந்தது. அங்கே கலந்துகொண்டிருந்த சாக்கடைக் கழிவு 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிடப்பட்டது. உரச்சத்து குறைந்து ஏரி தெளிந்தது. அதோடு முடிந்தது என்று நினைக்கத்தான் தோன்றும். ஆனால் 1976இல் டாஃப்னியா பெருகி, ஏரி இன்னொரு படி பளிச்சென்று தெளிந்தது. இழைப் பாசி ஒழிந்ததும், டாஃப்னியாவைத் தின்னும் ஒருவகை இறாலினம் குறைந்ததும் வழிவிட்டன. இந்த வரிசை முக்கியம்: முதலில் உரச்சத்தைக் குறைத்தார்கள், மேய்ச்சல் பிறகுதான் வந்தது.

மிதவைகளைத் தின்னும் மீனை அகற்றி டாஃப்னியாவுக்கு இடம் கொடுக்கும் முறை மிதவெப்ப நாட்டு ஆழமில்லாத ஏரிகள் சிலவற்றில் நன்றாகவே பலித்திருக்கிறது. வெப்பமண்டலத்தில் அதே பலனை எதிர்பார்ப்பது சரியல்ல. இங்கே சின்ன மீன்கள் ஆண்டு முழுக்கக் குஞ்சு பொரிக்கின்றன. பெரிய டாஃப்னியா அரிது. மொய்னா, செரியோடாஃப்னியா, டயாஃபனோசோமா போன்ற சிறியவைதான் அதிகம்.

சாரம்: டாஃப்னியா பாசியைக் கட்டுக்குள் வைக்க மூன்றும் கூடிவர வேண்டும் — உடல் பெரிதாக இருக்க வேண்டும், மீன் தொல்லை குறைவாக இருக்க வேண்டும், பாசி தின்னத்தக்கதாக இருக்க வேண்டும்.

திடீர் பெருக்கமும் திடீர் மறைவும்

நிலைமை நன்றாக இருக்கும்வரை டாஃப்னியாவில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆணில்லாமலே முட்டை குஞ்சாகும்; இதைக் கன்னி இனப்பெருக்கம் என்கிறோம். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பிறந்து 5 முதல் 10 நாளில் முதிர்ந்துவிடும். அதன்பின் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓர் ஈற்று. ஓர் ஈற்றில் சிலவும் பிறக்கலாம், பல டஜன்களும் பிறக்கலாம். போன வாரம் காலியாகத் தெரிந்த குளம் இந்த வாரம் நிரம்பி வழிவது இதனால்தான். கோபிபோடுகளுக்கு ஆண் வேண்டும். குஞ்சு நிலையில் ஆறு படிகள், அடுத்த நிலையில் ஐந்து படிகள் என்று ஒவ்வொன்றாகத் தோலுரித்துத்தான் முதிர்நிலைக்கு வர வேண்டும். ஆகவே அவை மெல்லவே பெருகும்.

நெரிசல், தீனிக் குறைவு, பகல் நேர மாற்றம் போன்ற அறிகுறிகள் வந்ததும் டாஃப்னியா ஆண்களைப் பெறத் தொடங்கும். கூடிய பெண்கள் சேணம் போன்ற கரிய உறைக்குள் வழக்கமாக இரண்டு முட்டைகளை வைத்து உதிர்க்கும். இவை ஓய்வு முட்டைகள்: காய்ந்தாலும் உறைந்தாலும் சாகாமல் காத்திருப்பவை. பறவையின் குடலைக் கடந்தும் பொரிக்கும், வேறு குளத்துக்கு இப்படியும் பயணம் போகும். ஏரிச் சேற்றில் பல பத்தாண்டுகள் புதைந்து கிடந்த முட்டைகளையும் ஆய்வகத்தில் பொரிக்க வைத்திருக்கிறார்கள். வற்றிய குளத்தில் மழை பெய்த சில நாளில் யாரும் கொண்டுவந்து விடாமலே டாஃப்னியா தோன்றுவதன் ரகசியம் அடிச்சேற்றில் இருக்கிறது. வற்றிய காலத்தில் அந்தச் சேற்றை முழுக்க வாரி எடுத்துவிட்டால், அந்த முட்டைச் சேமிப்பும் கூடவே போய்விடும்.

எண்ணிப் பார்ப்பது எப்படி

தேவை 10 லிட்டர் வாளி, கண்ணளவு சுமார் 60 மைக்ரான் உள்ள மிதவை வலை, அளவுக் குடுவை, கைலென்சு அல்லது நுண்ணோக்கி. கரையோரமாக இல்லாமல் குளத்தின் வெவ்வேறு இடங்களில் ஐந்து வாளி மொண்டு வலை வழியே மெதுவாக ஊற்ற வேண்டும். மொத்தம் 50 லிட்டர். வலையின் உட்புறத்தை வெளியிலிருந்து நீர் பீய்ச்சிக் கழுவி, தேங்கியதைக் குடுவையில் சேர்த்து 100 மில்லிலிட்டராக்க வேண்டும். மெல்லக் கலக்கி, உடனே 5 மில்லிலிட்டர் எடுத்து எண்ண வேண்டும். 30 டாஃப்னியா கிடைத்தால், இருபதால் பெருக்கி 600. ஐம்பதால் வகுத்தால் லிட்டருக்கு 12. எண்ணும்போதே ஒவ்வொன்றின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் இல்லாத எண்ணிக்கை மேய்ச்சலைப் பற்றி எதுவும் சொல்லாது.

எங்கே தப்பு நடக்கும்? முதல் தப்பு நேரம். பகலில் மீனின் கண்ணுக்குத் தப்பி டாஃப்னியா ஆழத்துக்கு இறங்கிவிடும், இருட்டியபின் மேலே வரும். ஆழமில்லாத குளத்தில் செடிகளுக்குள் ஒளியும். உச்சி வெயிலில் மேல்நீரை மட்டும் மொண்டு "ஒன்றுமே இல்லை" என்று எழுதுபவர்கள் ஏராளம். இருட்டிய பிறகு எடுங்கள், அல்லது அடியிலிருந்து மேல்வரை நீர் எடுங்கள். இரண்டாவது, பச்சை நீரில் வலைக்கண் அடைத்துக்கொள்ளும். ஊற்றிய நீர் விளிம்பில் வழிந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, குறைந்த நீரோடு மறுபடி தொடங்க வேண்டும். மூன்றாவது, கலக்கிவிட்டுக் காத்திருந்தால் கனமானவை அடியில் படிந்துவிடும். நான்காவது, மாதிரியைக் கெடாமல் வைத்திருக்க வெறும் ஃபார்மலினில் போட்டால் டாஃப்னியாவின் ஓடு உப்பி, முட்டைகள் வெளியே சிதறும். 4 சதவீத ஃபார்மலினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கரைத்துக்கொண்டால் இது பெரிதும் குறையும். ஃபார்மலின் நச்சு, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் கையாள வேண்டும்.

இருந்தால் நல்ல நீரா, கெட்ட நீரா?

இருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. தெளிந்த மலை ஏரியிலும் டாஃப்னியா உண்டு, கழிவுநீர்க் குட்டையில் மொய்னாவும் உண்டு. எந்த இனம் என்பதுதான் சேதி சொல்லும்.

குடிநீர் என்றால் ஒரு உண்மையான ஆபத்தை நினைவில் வைக்க வேண்டும். நரம்புச்சிலந்திப் புழுவின் இளம்பருவம் சைக்ளாப்ஸின் உடலுக்குள் வளர்ந்து, அந்த நீரைக் குடிப்பவருக்குத் தொற்றுகிறது. சைக்ளாப்ஸ் கண்ணுக்குத் தெரியும் அளவு என்பதால் நெருக்கமான நெசவுள்ள துணியில் வடிகட்டினாலே போதும். இந்த எளிய வழியும் பெரும் பங்காற்றி, 2000இல் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் துணி வடிகட்டல் பாக்டீரியாவையும் வைரஸையும் தடுக்காது, அதற்குக் கொதிக்க வைக்க வேண்டும். அதே சைக்ளாப்ஸ் குடும்பம் நன்மையும் செய்கிறது: வியட்நாமில் நீர்த்தொட்டிகளில் மீசோசைக்ளாப்ஸ் விட்டு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பல ஊர்களில் ஒழித்தார்கள். அது தின்பது அப்போதுதான் பொரித்த இளம் புழுக்களை. வளர்ந்த புழுக்களை அதனால் சமாளிக்க முடியாது.

நீரில் நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க டாஃப்னியாவையே அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். பிறந்து 24 மணிநேரம் ஆகாத குஞ்சுகளை, ஒவ்வொரு நச்சுச் செறிவுக்கும் குறைந்தது 20 என்ற கணக்கில், 48 மணிநேரம் வைத்து எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. டாஃப்னியாவும் கணுக்காலி என்பதால், பூச்சிகளுக்கென்று தயாரித்த மருந்துகள் பல அதையும் கொல்லும். பல நேரம் மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவே போதும். அத்தகைய மருந்து கலந்த வடிகால் குளத்தில் இறங்கினால் முதலில் மீன் சாவதில்லை. டாஃப்னியா மறைந்து, சில நாள் கழித்து நீர் பச்சையாகிறது. அப்போது உரத்தைக் குறைக்க ஓடுவதற்கு முன், இரவில் ஐந்து வாளி வடிகட்டிப் பாருங்கள். பெரிய டாஃப்னியா ஒன்றுகூட அகப்படாமல் மீன்கள் மட்டும் நலமாக இருந்தால், இரண்டு காரணங்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்: அண்மையில் யாராவது மருந்து அடித்தார்களா, அண்மையில் யாராவது மீன் விட்டார்களா.